பழைய டைனோசர் கிட்: தேடுவது, தேற்றுவது, ஒட்டுவது

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் என் ஆயா (பாட்டி) வீட்டுச் சாமான்களைப் பங்கு வைத்தபோது, பித்தளையும் தேக்கும் கேட்டவர்கள் கைக்குப் போயின. யாரும் கேட்காத ஒரு தகரப் பெட்டி என் பக்கம் தள்ளப்பட்டது. அம்மான் 1970-களில் பினாங்கிலிருந்து ஊருக்கு வந்தபோது கொண்டு வந்த பெட்டி அது. உள்ளே இரண்டு பட்டுச் சேலை, பூப்போட்ட ஒரு ஃபிளாஸ்க், அதற்கு அடியில் மூலை நைந்த ஓர் அட்டைப் பெட்டி. மூடியில் சிறகு விரித்த டெரனோடான் என்ற ஆதிகாலப் பறக்கும் பிராணி. அமெரிக்காவின் அரோரா கம்பெனி 1971-ல் தொடங்கிய ‘பிரிஹிஸ்டாரிக் சீன்ஸ்’ என்ற, ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் உருவக் கிட் வரிசையில் ஒன்று. பிரித்தால், ஒரு பாகம்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது. மகிழ்ச்சியில் சிறகைத் தூக்கினேன். கூடவே அடியில் விரித்திருந்த செய்தித்தாளும் ஒட்டிக்கொண்டு வந்தது.

பட்டுக்காக யாரோ அக்கறையோடு போட்டிருந்த அந்துருண்டையின் வேலை. அது நாப்தலீன். அதன் ஆவி, இந்தக் கிட்டுகள் செய்யப்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நாற்பது வருஷம் பூட்டிய பெட்டிக்குள் அது மெதுவாக இளகி, செய்தித்தாளின் எழுத்தைக்கூடச் சிறகில் அச்சு எடுத்து வைத்திருந்தது. பாதுகாக்கப் போட்ட பொருளே கெடுத்திருக்கிறது. பழைய கிட் சேர்ப்பதில் பாதி நஷ்டம் இப்படித்தான் வருகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் எதைச் செய்வது என்பதோடு, எதைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொள்வது என்பதையும் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

பிளாஸ்டிக் டைனோசர் கிட் என்றால், சட்டத்தில் கோர்த்தபடி வரும் பாகங்களை வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் பூசி நிறுத்துவது. அந்தச் சட்டத்தை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ஸ்ப்ரூ என்பார்கள். ரப்பர் பொம்மையோ, முழுதாக வார்த்த பிளாஸ்டிக் பொம்மையோ இதில் சேராது. கடைக்காரரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் ஒரு சாக்கு பொம்மையை எடுத்துக் கொட்டுவார்.

தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்கள் நிறைய இல்லை. 1950-60களில் நியூ ஜெர்சியின் யூனியன் என்ற ஊரில் இருந்த பைரோ கம்பெனி சின்னச் சின்ன டைனோசர் கிட்டுகள் வெளியிட்டது. அந்த அச்சுகள் பின்னால் லைஃப்-லைக் கம்பெனிக்குப் போய், அதற்கப்புறம் லிண்ட்பெர்க் கைக்கு வந்தன. ஆக, ஒரே பிரான்டோசாரஸ் மூன்று பெயரில், மூன்று அட்டையில் கிடைக்கும். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1970-களின் பின்பாதியில் ஒரு வரிசை போட்டது. மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் பிரிட்டிஷ் சரக்கு நிறையப் புழங்கியதால், நம் ஊர்ப் பெட்டிகளில் ஏர்ஃபிக்ஸ் தட்டுப்பட வாய்ப்பு அதிகம் என்பது என் கணக்கு. ஜப்பானின் டாமியா 1990-களில் 1/35 அளவில் வெளியிட்டவை பொருத்தத்தில் மிகச் சுத்தம். ஆனால் இன்னும் கடையிலேயே வாங்கலாம், ‘அரிது’ என்று சொல்லி யாராவது விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள். கையோடோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் ரெசினிலும் மென்வினைலிலும் செய்தவை தனி உலகம். அவற்றின் ஒட்டும் முறையே வேறு.

எல்லோரும் துரத்துவது அரோராவைத்தான். 1/13 அளவு. அந்த அளவுக்குள் டைனோசர், கம்பளி யானை, வாள்பல் புலி, குகைக் கரடி, குகை மனிதன், தார்க் குட்டை என்று ஓர் ஆதி உலகத்தையே அடைத்திருந்தார்கள். ஒவ்வொரு கிட்டோடும் வரும் தரைத் துண்டு அடுத்ததன் தரையோடு பொருந்தும். பத்துக் கிட் வாங்கியவனுக்கு மேஜை முழுக்க ஒரே காடு. பிளாஸ்டிக்கே வண்ணத்தில் வார்க்கப்பட்டதால் பெயின்ட் அடிக்காமலும் நிறுத்தலாம், பெரும்பாலான பாகங்கள் அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும். கடைசியாக வந்த பெரிய டைரனோசாரஸுக்குத்தான் இன்று கிராக்கி. 1970-களின் பின்பாதியில் அரோரா மூடப்பட்டு, அச்சுகள் மோனோகிராம் கம்பெனிக்குப் போயின. மோனோகிராமும் பிறகு ரெவெலும் அவற்றில் சிலதை மறுபடி வெளியிட்டன. அதனால்தான் ‘அரோரா’ என்று யார் சொன்னாலும் உடனே நம்பக் கூடாது.

இந்தப் பழைய உருவங்கள் தப்பாக இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். டைரனோசாரஸுக்கு அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்பர்ன் பெயர் வைத்தது 1905-ல். நியூயார்க் அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூட்டை வாலைத் தரையில் ஊன்றி, மனிதன் மாதிரி நிமிர்ந்து நிற்க வைத்தார்கள். அதை முதுகு கிடைமட்டமாக இருக்கும்படி மாற்றி அமைத்து மறுபடி திறந்தது 1995-ல். இடைப்பட்ட வருஷங்களில் வந்த பழைய கிட்டுகள் பெரும்பாலும் வாலை இழுத்துக்கொண்டுதான் நடக்கின்றன. சிறகுத்தூவி கிடையாது, அப்படி ஒரு டைனோசர் புதைபடிவம் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டதே 1996-ல். டைமெட்ரோடானும் டெரனோடானும் டைனோசரே இல்லை என்றாலும் பல வரிசைகளில் உட்கார்ந்திருக்கும். எனக்கு இந்தத் தப்புகள்தான் பிடிக்கும். ஒரு காலம் என்ன நினைத்தது என்பதை உருவமாக வார்த்து வைத்திருக்கிறார்கள்.

செட்டிநாட்டில் எங்கே தேடுவது

முதலில் கொஞ்சம் காலக்கணக்கு. பர்மாவிலிருந்து நம்மவர்கள் பெரும் கூட்டமாக வெளியேறியது 1942-ல். பிளாஸ்டிக் கிட் பெருகியது 1950-களில். எனவே ‘பர்மாப் பெட்டி’ என்று சொல்லி ஒருவர் திறந்தால், எனாமல் பாத்திரமும் அரக்குச் சாமானும் இருக்கும், டைனோசர் இருக்காது. மலேயா, சிங்கப்பூர், கொழும்புத் தொடர்பு 1960-70களிலும் அறுபடாமல் இருந்த வீடுகளைத்தான் விசாரிக்க வேண்டும். அதிலும் அந்த வருஷங்களில் பத்து வயதுப் பையன் இருந்த வீடு. ‘கொண்டு விற்க’, அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போன அப்பச்சி பையனுக்கு என்ன வாங்கி வந்தார் என்று கேட்டால், ஆச்சிமார்கள் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பொம்மையைக்கூட நிறத்தோடு சொல்வார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழஞ்சாமான் கடைகளுக்கும் போகலாம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், கிட் தேடி அங்கே போனால் பத்துத் தடவையில் ஒன்பது தடவை எனாமல் தட்டோடுதான் திரும்புவீர்கள். அந்தக் கடைக்காரர்களுக்கு மரம், பித்தளை, கண்ணாடி, பீங்கான் பற்றி அத்துப்படி. பிளாஸ்டிக்கை அவர்கள் சரக்காகவே மதிப்பதில்லை. வீட்டைக் காலி செய்யும்போது அட்டைப் பெட்டி பழைய பேப்பர்க்காரனுக்குப் போய்விடும், உள்ளே இருந்தது சாக்கில் விழும். ஆகையால் கடையில் நான் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, அடுத்த வீடு காலி பண்ணும்போது பொம்மை, அட்டைப்பெட்டி, படம் போட்ட காகிதம் எதையும் பிரிக்காம ஒரு மூலையில போட்டு வைங்க. நான் வந்து பார்த்துக்கறேன்.” ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “பல்லி பொம்மைக்கா இவ்வளவு தூரம் வர்றீங்க?” என்றார். அவரிடமிருந்துதான் பின்னால் பாதி ஒட்டிய ஒரு டிரைசெராடாப்ஸ் 350 ரூபாய்க்குக் கிடைத்தது.

படத்தைக் காட்டிக் கேட்பது நல்லது, விலைப்பட்டியலைக் காட்டிவிடாதீர்கள். ஆனால் வீட்டுக்காரரிடமே நேரில் வாங்கும்போது, அது வெளிநாட்டில் என்ன விலை போகிறது என்று தெரிந்தும் மறைத்து வாங்குவது எனக்கு ஒப்பாது. ஒரு ஊரில் பத்து வீடு. ஒரு வீட்டில் ஏமாற்றினால் மற்ற ஒன்பது கதவும் சாத்திக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால், பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் கூட்டித்தான் சுங்கவரி போடுவார்கள். பெரிய பெட்டிக்கு அனுப்பும் செலவே பொருளைத் தாண்டிவிடும். பசையும் ஸ்பிரே பெயின்ட்டும் தீப்பிடிக்கிற சரக்கு, விமானத் தபாலில் வராது. அதெல்லாம் இங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

முதலில் முகருங்கள். சிரிக்காதீர்கள். அந்துருண்டை வாடை அடித்தால் எந்தப் பாகத்தையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. விரல் ரேகை பதிந்துவிடும். பூஞ்சை வாடை என்றால் அட்டையும் விளக்கத்தாளும் போயிருக்கும், பிளாஸ்டிக் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

அப்புறம் வருஷம். பாகத்தின் உள்பக்கத்திலோ தரைத் துண்டின் அடியிலோ கம்பெனிப் பெயரும் ஒரு வருஷமும் பொறித்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் விழும் முதல் குழி இதுதான். அந்த வருஷம் அச்சு வெட்டிய வருஷம், உங்கள் கையில் இருப்பதை வார்த்த வருஷம் இல்லை. 1971 என்று பொறித்த அதே அச்சிலிருந்து இருபது வருஷம் கழித்தும் வார்த்திருப்பார்கள். எப்போது வெளியானது என்பதை அட்டையும் விளக்கத்தாளும் பிளாஸ்டிக்கின் நிறமும் சேர்ந்துதான் சொல்லும். அட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயர், முகவரி, அட்டையின் ஓரத்தில் பார்கோடு இருக்கிறதா என்பது இதையெல்லாம் பாருங்கள். பார்கோடு இருந்தால் அது 1960-கள் சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, எண்ணிக்கை. விளக்கத்தாளில் உள்ள பாக எண்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடியுங்கள். உடம்பின் பெரிய பாகங்கள் காணாமல் போவதே இல்லை. நகம், பல், கொம்பு நுனி, கண், தரையில் வைக்கிற குட்டிச் செடி, இவைதான் போகும். மேலே பளபளவென்று சுருக்குத்தாள் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை) சுற்றி ‘பிரிக்காத பெட்டி’ என்று கொடுத்தால் கூடுதல் சந்தேகம் வையுங்கள். சுருக்குத்தாள் சுற்றுகிற மெஷின் இன்று இனிப்புக் கடையில்கூட இருக்கிறது. பெட்டியை மெதுவாகச் சாய்த்துக் கேளுங்கள். சட்டத்தில் கோர்த்த பாகங்கள் ஒன்றாக நகரும், உதிரியானவை கலகலக்கும்.

ஒட்டி முடித்த பழைய உருவத்தை ஒதுக்காதீர்கள். அது மலிவு, தேற்றலாம். பசை வழிந்து பல்லும் செதிலும் உருகிப்போனதை மட்டும் ஒதுக்கலாம், உருகியது திரும்பாது.

வீட்டுக்கு வந்த முதல் மாதம்

அவசரப்படாமல் இருப்பதுதான் இங்கே வேலை. அட்டையையும் பிளாஸ்டிக்கையும் உடனே பிரித்து வையுங்கள். இரண்டுக்கும் வியாதி வேறு, மருந்தும் வேறு.

அட்டையிலும் தாளிலும் ராமபாணப் பூச்சியோ அதன் முட்டையோ இருக்கலாம். நன்றாக உலர்ந்த தாளைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கிறேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் நீர் வியர்த்து அச்சு கலங்கும். கிழிந்த மூலைக்குச் செலோ டேப் போட்டால் பத்து வருஷத்தில் மஞ்சள் கறை நிச்சயம். மைதாப் பசையும் மெல்லிய தாளும் உள்பக்கத்தில் போதும். பசையை மெல்லிசாகத் தடவி நன்றாக உலர விடுங்கள், மாவு பூச்சிக்கும் பிடிக்கும்.

அந்துருண்டையில் இளகிய பிளாஸ்டிக்குக்கு மருந்து காற்றுதான். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில், எதன் மேலும் சாயாமல், எதையும் தொடாமல் வையுங்கள். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தூணுக்கும் தூணுக்கும் நடுவே நூல் கட்டி என் டெரனோடானின் சிறகுகளைத் தொங்கவிட்டேன். நாப்தலீன் தானாகப் பறந்து போகும்; மேல்பரப்பு மறுபடி இறுகும். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இறுகியதும்தான் ஒட்டியிருந்த செய்தித்தாளை ஈரப்படுத்தித் தேய்த்து எடுத்தேன். இளக்கமாக இருக்கும்போதே உரித்திருந்தால் தோலும் வந்திருக்கும்.

இன்னொரு எதிரி, மெதுமெதுவென்று இருக்கும் பி.வி.சி. கவர். அதை இளக்கமாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து பாலிஸ்டைரீனைத் தின்னும். ரப்பர் பேண்டும் ஆகாது. சாதாரண பாலித்தீன் பை, அல்லது வெள்ளைத் தாளில் சுற்றுங்கள். அந்துருண்டைக்குப் பதில் கற்பூரம், வாசனைத் தைலம் என்று போவதும் வேண்டாம். வேப்பிலையோ வசம்போ போட வேண்டும் என்றால் அலமாரியின் கீழ்த்தட்டில் போடுங்கள், கிட் பெட்டிக்குள் இல்லை.

மச்சில் வைக்காதீர்கள். சித்திரை மாதத்தில் ஓட்டுக்கு அடியில் தேங்கும் சூட்டில், சாய்த்து வைத்த நீளமான பாகம் தன் எடையிலேயே வளைந்துவிடும். சுண்ணாம்புச் சுவர் கொண்ட கீழ் அறை, கரையான் ஏறாத இரும்பு அலமாரி, தரையிலிருந்து ஒரு முழம் மேலே. நம் பாட்டன்கள் கட்டிய வீடு இதற்கென்றே கட்டிய மாதிரி இருக்கிறது.

ஒட்டுவதா, அப்படியே வைப்பதா

ஸ்ப்ரூவில் முழுதாக, அட்டை, விளக்கத்தாளோடு இருக்கும் பழைய அரோராவை நான் ஒட்டுவதில்லை. அதே அச்சில் வந்த மறுவெளியீட்டை வாங்கி ஒட்டுகிறேன். ஒட்டும் சுகமும் கிடைக்கும், மூலமும் மிஞ்சும். பாதி ஒட்டியது, பாகம் குறைந்தது, அட்டை இல்லாதது என்றால் யோசிக்காமல் ஒட்டலாம். பள்ளத்தூர் டெரனோடான் சிறகில் தழும்போடு இருந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை.

ஒட்டும் வேலை

முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பல்துலக்கி. வார்க்கும்போது அச்சில் தடவிய எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கும், அதன் மேல் வண்ணம் நிற்காது. துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். சுளகில் வெள்ளைத் துணி விரித்து உலர்த்தினால் சின்னப் பாகம் உருண்டு ஓடாது.

முன்பு யாரோ ஒட்டி, பெயின்ட் அடித்ததாக இருந்தால் அதைக் களைய வேண்டும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைத் தொட்டுவிடாதீர்கள். பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் கரையும். எல்லா வீட்டிலும் இருக்கிற டெட்டாலே இதற்குக் கெட்டி. தண்ணீர் கலக்காத டெட்டாலில், மூடியுள்ள டப்பாவில் ஊறப்போடுங்கள். முதலில் ஸ்ப்ரூ துண்டு ஒன்றைப் போட்டு மென்மையாகிறதா என்று சோதியுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், ஒரு நாளைத் தாண்ட விடாதீர்கள். கையுறை போட்டுப் பல்துலக்கியால் தேய்த்தால் பெயின்ட் வழிந்து வரும். இந்த நேரத்தில் தண்ணீரில் காட்டினீர்களோ, கெட்டது. பெயின்ட் தாரைப் போல மாறி ஒட்டிக்கொள்ளும். முதல் அலசலும் சுத்தமான டெட்டாலிலேயே, அதற்கப்புறம்தான் சோப்பும் தண்ணீரும். முதல் தடவை நான் நேராகக் குழாயில் காட்டினேன். அந்த டிரைசெராடாப்ஸின் கழுத்து மடிப்பிலிருந்து பிசினை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பழைய ஒட்டைப் பிரிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசை போட்டிருந்தால் ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து, இணைப்பில் மெல்லிய கத்தி நுனியை நுழைத்துத் திருகினால் சட்டென்று விடும். குழாய்ப் பசை போட்டிருந்தால் இரண்டு பாகமும் உருகி ஒன்றாகியிருக்கும்; மெல்லிய ரம்பத்தால் அறுப்பதுதான் வழி. கோணாமல் ஒட்டியிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

வளைந்த பாகத்தை நிமிர்த்தச் சூடான நீர். கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், கொதிநீர் கூடாது. அரை நிமிஷம் முக்கி எடுத்து, மெதுவாக எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் விடுங்கள். ஒரே தடவையில் நிமிர்த்த நினைத்தால் வெள்ளைக் கோடு விழுந்து உடையும். நாலைந்து தடவை ஆகட்டும்.

ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தைத் திருகிப் பிய்க்கக் கூடாது. நகவெட்டி மாதிரி சின்ன கட்டரால், பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி முதல் வெட்டு. மிச்சத்தைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் சமன் செய்யுங்கள். பழைய பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டிக் குவிக்காமல், அன்றைக்கு ஒட்டுவதை மட்டும் எடுங்கள். எண் ஸ்ப்ரூவில்தான் இருக்கிறது, பாகத்தில் இல்லை.

பசை போடுமுன் உடம்பு முழுவதையும் ரப்பர் பேண்டாலும் டேப்பாலும் பிடித்து நிறுத்திப் பாருங்கள். வேலை முடிந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட வேண்டும், அது பிளாஸ்டிக்குக்கு ஆகாது என்று முன்பே சொன்னேன். பழைய கிட்டில் இரண்டு பாதி உடம்பும் சரியாகச் சேர்வது அபூர்வம். வால் சேர்ந்தால் கழுத்து திறக்கும். எங்கே இடைவெளி என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சேர வேண்டிய விளிம்பைத் தட்டையாக்க எனக்கு உதவுவது ஒரு கண்ணாடிப் பலகை. ஆத்தங்குடிக் கல் வார்க்கிறவர்கள் கண்ணாடி மேல்தான் வார்ப்பார்கள், அந்தப் பளபளப்பே அதிலிருந்து வருவது. அப்படிப்பட்ட ஒரு பலகை மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, பாகத்தை எட்டு போடுகிற மாதிரி தேய்த்தால் விளிம்பு நூல் பிடித்ததுபோல் வந்துவிடும்.

இனி பசை. குழாயில் வரும் கெட்டிப் பசையைவிடத் தண்ணீர் மாதிரி இருக்கும் திரவச் சிமென்ட் நல்லது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் அதுவே உள்ளே ஓடும். இது ஒட்டுவதில்லை, இரண்டையும் கரைத்து ஒன்றாக்குகிறது. கிடைக்காதபோது பெயின்ட் கடையின் என்.சி. தின்னரை நான் மெல்லிய தூரிகையால் இப்படியே பயன்படுத்தியிருக்கிறேன். அதில் டொலுவீன் போன்றவை இருக்கும் என்பதால் முகப்புத் திண்ணையில், காற்று வீசும்போதுதான். அடுப்பும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொஞ்சமாகத் தொடுங்கள். அதிகமானால் செதிலெல்லாம் வழுக்கையாகிவிடும். சேர்த்தபின் மெல்ல அழுத்தினால் இடுக்கில் உருகிய பிளாஸ்டிக் ஒரு வரியாகப் பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க இறுகட்டும், பிறகு சீவித் தேய்த்தால் இணைப்பே தெரியாது. கண்ணாடி போன்ற பாகங்களுக்கு உடனடிப் பசை வேண்டாம், ஆவி படிந்து வெள்ளை பூக்கும்.

மென்வினைல் கிட்டுக்கு இந்தச் சிமென்ட் பிடிக்காது. வெந்நீரில் இளக்கி ஓரம் சீவி, உடனடிப் பசையால்தான் சேர்க்க வேண்டும். ரெசினுக்கும் உடனடிப் பசைதான். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குச் சத்ரு.

சின்ன இடைவெளியை அடைக்க, ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கித் திரவச் சிமென்ட்டில் ஒரு இரவு ஊறவையுங்கள். கூழாகிவிடும். அதே கிட்டின் அதே நிறப் பிளாஸ்டிக் என்பதால் தேய்த்தபின் தனியாகத் தெரியாது; பெயின்ட் அடிக்காமல் மூல நிறத்தில் விட நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பெரிய ஓட்டைக்கு எம்-சீல். தண்ணீர் தொட்ட ஊசியால் இறுகுவதற்குள் செதிலைக் கீறிவிட வேண்டும், பக்கத்துச் செதிலைப் பார்த்தபடியே.

தொலைந்த நகத்துக்கும் எம்-சீல்தான். இருக்கிற நகத்துக்கு லேசாக எண்ணெய் தடவி, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் இருபக்கமும் அச்சு எடுத்து, எம்-சீலை உருட்டி அமுக்குங்கள். முதல் மூன்று கோணலாக வரும். நாலாவதைத் தேய்த்துச் சரிசெய்யலாம். உடம்பில் ஒட்டும் இடத்தில் மெல்லிய துளை போட்டு, ஒரு குண்டூசித் துண்டை உள்ளே வைத்து ஒட்டினால் மறுபடி விழாது.

வண்ணம்

ஐப்பசி, கார்த்திகையில் வண்ண வேலையைத் தள்ளிப் போடுங்கள். மழைக்காற்றின் ஈரத்தில் ஸ்பிரே வார்னிஷ் பால்போல வெளுக்கும். தை, மாசி சரியான பருவம்.

மெல்லிய அடிப்பூச்சு ஒன்று அவசியம். என்.சி. வகை ஸ்பிரேயைத் தொலைவிலிருந்து தூவலாகப் போடுங்கள், ஈரமாகப் படிந்தால் பிளாஸ்டிக்கை அரிக்கும். மேலே கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக்கே போதும்; தண்ணீர் கலந்து மூன்று நாலு மெல்லிய பூச்சு. உலர்ந்தபின் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் சாயத்தண்ணீர் மாதிரி கரைத்துப் பூசினால் அது செதில் இடுக்குகளில் தேங்கி ஆழம் காட்டும். கடைசியாக, வெளிர் நிறம் தொட்டுத் துடைத்து, கிட்டத்தட்ட வறண்ட தூரிகையால் மேடுகளை வருடுங்கள். 1/13 அளவில் செதில் பெரிது, அது ஒன்றே உருவத்தை எழுப்பிவிடும். மென்வினைலுக்கு மட்டும் எனாமல் பெயின்ட் வேண்டாம், மாதக்கணக்கில் பிசுபிசுக்கும்.

நிறம் எது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் நிமிர்ந்து நிற்கும் டைரனோசாரஸை அறுத்து, முதுகைச் சாய்த்து, தூவி ஒட்டி ‘திருத்துவதை’ நான் செய்வதில்லை. புது அறிவியல் வேண்டுமானால் புதுக் கிட் வாங்கலாம்.

தரைத் துண்டுக்கு நம் ஊர்ச் செம்மண்ணைச் சலித்து, வெள்ளை ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து தூவியிருக்கிறேன். சலிக்கும் துணி மெல்லியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மணலும் கூழாங்கல்லாகத் தெரியும். அறுத்துத் திருத்தாதவன் தரையை மட்டும் மாற்றலாமா என்று அயித்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன்: அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் பிருஹத்காயோசாரஸ் என்று ஒரு பூதாகார டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். எலும்புகள் பின்னால் சிதைந்துபோயின. தமிழ் மண்ணுக்கும் இந்தப் பிராணிகளோடு பழைய உறவு உண்டு.

வைக்கும் இடம், எழுதும் கணக்கு

கண்ணாடி அலமாரியில், நேர் வெயில் படாத சுவரோரம். முற்றத்து வெளிச்சம் அழகுதான், ஆனால் பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாவதும் அந்த வெளிச்சத்தால்தான். தூசிக்கு ஒப்பனைத் தூரிகை. ஈரத்துணி நகத்தில் மாட்டும்.

ஒவ்வொரு கிட்டுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரிடம், எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்கியது, எந்தப் பாகம் குறைந்தது, எது நான் வார்த்தது, எந்தப் பசை, எந்த வண்ணம். புதிதாக வார்த்த பாகத்தின் உள்பக்கம் ஒரு புள்ளியும் வருஷமும் கீறிவிடுகிறேன். நாளை வேறு கைக்குப் போகும்போது என் எம்-சீல் நகத்தை அரோரா நகம் என்று யாரும் விற்றுவிடக் கூடாது. சித்திரையில் ஐந்தொகை எடுக்கிற மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் பெட்டியையும் இறக்கி, பாகத்தை எண்ணி, முகர்ந்து பார்த்து, தேதி போடுங்கள்.

டெரனோடானின் பக்கத்தில் நான் எழுதியிருப்பது: ‘பள்ளத்தூர், ஆயா வீடு. விலை இல்லை. இடச் சிறகில் செய்தித்தாள் தழும்பு, மூன்று வரி, எழுத்து தலைகீழ். தேய்க்கவில்லை.’